சீல் வைத்த தொலைநோக்கி

என் அண்ணன் அழகர் எதையும் மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டார். பால்காரர் ஊற்றும் பால், கல்யாண வீட்டுச் சாம்பார், கோயில் தீர்த்தம், கூடப்பிறந்த தங்கச்சி நான் நீட்டும் தண்ணீர்ச் சொம்பு, எல்லாம் முதலில் மூக்குக்குப் போய்விட்டுத்தான் வாய்க்குப் போகும். ஒருமுறை எனக்குக் கோபம் வந்து, "என்ன அண்ணே, விஷமா வச்சிருக்கேன்?" என்று கேட்டேன். "நீ வைக்க மாட்ட ஆத்தா. சொம்பு எங்கெங்க கெடந்துச்சோ" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

பார்த்த வேலையும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. கம்பத்தில் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. "வெயில்ல வந்திருக்கீக, ஒரு வாய் மோர் குடிங்க" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும். அண்ணன் மோரை விட்டுவிட்டு மீட்டரைச் சுற்றி வருவார். "சும்மா ஒருத்தன் மோர் குடுப்பானா?" என்பார். எங்கேயாவது ஒரு வீட்டில் அவர் சந்தேகம் சரியாகவும் இருந்து தொலைக்கும். கூரைக்குப் பின்னால் கொக்கி போட்டுக் கரண்டு இழுத்திருப்பார்கள். அந்த ஒரு வீட்டைக் காட்டியே மிச்ச வீட்டையெல்லாம் திருட்டு வீடாக்கிவிடுவார்.

ஆனாலும் அவர் எனக்கு அண்ணன் மட்டும் இல்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். என் வீட்டுக்காரர் சங்கிலிக்கு ஊருக்கு மேற்கே திராட்சைத் தோட்டம். அதிகம் பேசாத ஆள். அந்த மனிதரைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில், தேவாரம் வரைக்கும் போய் விசாரித்தார் அண்ணன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. "இவ்வளவு பேசாதவன் மனசுல என்னத்த வச்சிருக்கானோ" என்று கல்யாணத்தன்று தாலி கட்டி முடிப்பதற்குள் மதினி ராமுத்தாயிடம் சொன்னாராம். மதினிதான் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அவர் சந்தேகப்படாத ஒரே பொருள் வானம். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பார். ஏன் இந்தக் கிறுக்கு என்று கேட்டால், "அங்கன எவனும் கொக்கி போட முடியாதுல்ல" என்பார். மதுரையில் தொலைநோக்கி செய்யச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டுப் போய், இரண்டு வட்டக் கண்ணாடியும் கரகரவென்று ஒரு பொடியும் வாங்கி வந்தார். ஒரு கண்ணாடியைத் தகர டிரம் ஒன்றின் மேல் வைத்து, பொடியும் தண்ணீரும் போட்டு, மேல் கண்ணாடியை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்க்கிற ஆள் டிரம்மைச் சுற்றி நடந்துகொண்டே தேய்க்க வேண்டும். மாதக்கணக்கில் தேய்த்தால் மேல் கண்ணாடி நடுவில் குழிந்து வரும்.

டிரம் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது. அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் எல்லாம் தேய்த்தது என் வீட்டுக்காரர். கொடிக்கு மருந்தடித்துவிட்டு வருவார், கையைக் கழுவுவார், டிரம்மைச் சுற்ற ஆரம்பிப்பார். தொலைநோக்கிக்கு உடம்பாக ஒரு பெரிய பிவிசி குழாய் வேண்டுமென்று அண்ணன் சொன்னபோது, தோட்டத்துக்கு வாங்கியதில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்தவரும் அவர்தான். கண்ணாடி பெங்களூருக்குப் போய் முலாம் பூசி வந்தது. குழாயின் அடியில் ஒரு வட்டப் பலகை, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடி விழாமல் பிடிக்க ஓரத்தில் மூன்று கவ்விகள், பலகைக்குப் பின்னால் திருகிச் சரி பார்க்க மூன்று திருகாணிகள். இவ்வளவுதான் அந்தக் கருவியின் வயிறு.

கண்ணாடியைப் பொருத்திய அன்று அண்ணன் தன் வீட்டு மாடி அறைக்குள் எங்கள் யாரையும் விடவில்லை. தூசி படும் என்று கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பொருத்தினார். என் வீட்டுக்காரர் வெளியில் நின்று கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தார். பிறகு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பொழுது சாய்ந்ததும் மச்சானும் மாப்பிள்ளையும் மாடிக்குப் போவார்கள். அண்ணனுக்கு உச்சி வானம்தான் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நேர்மாறு. குழாயைக் கீழே சாய்த்து, மேகமலை விளிம்பில் நிலா எட்டிப் பார்ப்பதையும், கம்பம்மெட்டு ரோட்டில் ஜீப் விளக்குகள் வளைந்து ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். "ஜீப்பப் பாக்கவா இதத் தேச்சோம் மாப்ள?" என்று அண்ணன் கேலி பண்ணுவார். அவர் சிரித்துக்கொள்வார்.

செவ்வாய் பக்கத்தில் வந்ததே, அந்த 2003ஆம் வருஷ மழைக்காலத்துக்குப் பிறகுதான் வினை பிடித்தது. அண்ணன் ஒரு நட்சத்திரத்தைத் தெளிவாக வைத்துவிட்டு என் வீட்டுக்காரருக்கு இடம் கொடுப்பார். அவர் மலையைப் பார்த்துவிட்டு எழுந்த பிறகு அண்ணன் மறுபடி பார்த்தால் எல்லாம் கலைந்திருக்கும். நட்சத்திரத்துக்கு வால் முளைத்திருக்கும். இருந்த இடம் விட்டு ஓடியிருக்கும். எவ்வளவு திருகினாலும் கூர்மை வராது. அண்ணன் தனியாக உச்சியை மட்டும் பார்க்கிற நாளில் ஒரு கோளாறும் இல்லை. மாப்பிள்ளை வந்துபோன நாளில் மட்டும் கோளாறு. அண்ணனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வாயைத் திறந்து கேட்டாரா? கேட்க மாட்டார். பொறி வைத்தார். பின்னால் இருந்த மூன்று திருகாணிகளிலும் பலகையோடு சேர்த்து மதினியின் நகப்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவைத்தார். யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கோடு விலகவில்லை, ஆனால் நட்சத்திரம் விலகியது. உடனே மதுரைக்குப் போய்க் கம்பியும் ஈயமும் வாங்கி வந்து, அடிப்பலகையைச் சுற்றிக் கம்பியை மாட்டி, மீட்டருக்கு வைக்கிற மாதிரியே ஈய சீல் வைத்தார். சீல் அப்படியே இருந்தது. நட்சத்திரம் மறுபடியும் ஓடியது.

வேறு ஆளாயிருந்தால் அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும். அண்ணனுக்கு அது முற்றிப்போனது. "சீல உடைக்காம மீட்டர்ல கை வைக்கிறவன் எத்தனை பேரப் பாத்திருக்கேன்! இவன் பெரிய கைகாரன். நான் வெறுத்துப்போயித் தூக்கிப் போடுவேன், கண்ணாடிய எடுத்துக்கலாம்னு பாக்குறான்" என்று மதினியிடம் சொன்னார். அந்தப் பேச்சு என் காதுக்கு வந்த நாளில் எனக்கே புத்தி கெட்டுப்போய், வீட்டுக்காரரின் நகக்கண்ணில் பாலிஷ் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். கொடி மருந்தில் கலக்கும் துருசுக் கறைதான் இருந்தது. சந்தேகம் ஒரு வீட்டோடு நிற்காது போலிருக்கிறது.

மாசியில் சிவராத்திரிக்கு எங்கள் குலசாமி கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடுவோம். மறுநாள் காலையில் பொங்கல் இறக்கிச் சாமி கும்பிட்டு முடித்ததும், அண்ணன் ஒரு கட்டிச் சூடத்தைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துப் பற்றவைத்தார்.

"மாப்ள, கண்ணாடியத் தொட்டீகளா, இல்லையா?"

"தொடல மச்சான்."

"அப்ப சூடத்த அணைச்சுச் சொல்லுங்க."

"அண்ணே, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஒரு கண்ணாடிக்காக இவுகளச் சாமி முன்னால நிக்க வைக்கிறீகளே" என்று நான் கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னைக் கையமர்த்தினார். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தார். "தொடல" என்றார். கை கொப்பளித்துவிட்டது. பொங்கலைத் தொடாமல், ஐந்து வயது மகள் தேவயானியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. சத்தியம் வாங்கியவன் வீட்டில் சத்தியம் பண்ணியவன் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டான். அது முறிய வேண்டுமென்றால் வாங்கியவனே வந்து, நாலு பேர் முன்னால் "விட்டேன்" என்று சொல்லித் தன் கையால் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதையும் முழு மனதோடு விட வேண்டும். சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டு வாயால் விட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது.

பிள்ளைகள் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் எனக்குச் சிக்கல். ஆனி மாதம் தேவயானிக்குக் காது குத்த நாள் குறித்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். "சூடம் அணைக்கச் சொன்ன ஆள் மடியில எம்பிள்ள உக்காராது. தேவாரத்துல உங்க பெரியப்பா மகன் சண்முகராஜ் இருக்காகள்ல, அவுகள வரச் சொல்லு" என்றார் வீட்டுக்காரர். அவர் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். எனக்குக் கூடப்பிறந்தவர் ஒருத்தர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, என் பிள்ளை யாரோ ஒருத்தர் மடியில் உட்காருவதா?

ஓடினேன் அண்ணனிடம். "ஒரே ஒரு வார்த்த, விட்டேன்னு வந்து சொல்லிருங்க" என்று அழுதேன். அண்ணன் கண்ணும் கலங்கியது. "மனசுல வச்சுக்கிட்டுப் பொய்யா விட்டா அந்தப் பிள்ளைக்கு ஆகாது ஆத்தா. தேவயானிக்கு ஒன்னுன்னா நான் தாங்குவேனா?" என்றார். பிள்ளை மேல் உயிர். அந்த உயிரே குறுக்கே நிற்கிறது. நான் யார் தலையில் போய் முட்டிக்கொள்வேன்?

அந்த ஜூன் மாதத்தில் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகும் நாள் ஒன்று வந்தது. இப்போது உயிரோடு இருக்கிற யாரும் அதைப் பார்த்ததில்லை என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். யாரும் குழாய்க்குள் கண் வைக்கக்கூடாது. தொலைநோக்கி சூரியனை ஒரு வெள்ளை அட்டையில் விழவைக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். தேவயானி போயே தீருவேன் என்று நின்றாள். "பிள்ளைய எதுக்குத் தடுக்கணும், போயிட்டு வாங்க. நான் தோட்டத்துல இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

மலையாளத்துப் பக்கமிருந்து சாரல் மேகம் வந்து வந்து போனது. மேகம் விலகிய நேரமெல்லாம் அட்டையில் சூரியன் வட்டமாக விழுந்தது. அதன் மேல் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. உச்சி வெயிலில் எல்லாம் கூர்மையாகத்தான் இருந்தது. பிற்பகலில் சூரியன் கம்பம்மெட்டுப் பக்கம் இறங்க இறங்க, அண்ணன் குழாயையும் சாய்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று அட்டையில் இருந்த சூரியன் ஒரு பக்கமாக ஓடியது. ஓரம் மங்கியது. கடுகு கலங்கிக் காணாமல் போனது.

அண்ணன் நிமிர்ந்து எங்கள் ஒவ்வொருவர் கையையும் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கையைத்தான் பார்த்தார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

"இப்ப யாரச் சந்தேகப்படுறீக? அவுக தோட்டத்துல இருக்காக. அங்கன இருந்து இங்கன வரைக்கும் கை நீண்டுச்சா? உங்க சீல நீங்களே பாருங்க, அப்படியே இருக்கு. இதுக்கும் அவுகளக் கூட்டியாந்து சூடம் அணைக்கச் சொல்றீகளா?"

அண்ணன் குழாயை மெதுவாக மேலே தூக்கினார். உள்ளே "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். கீழே இறக்கினார். மறுபடி "டக்." மதினி ராமுத்தாய் குழாயில் காதை வைத்து, "ஏங்க, உள்ள கண்ணாடி நகருதுங்க" என்றாள். அண்ணன் குறடு ஒன்றை எடுத்து, தான் வைத்த சீலைத் தானே வெட்டினார்.

அடிப்பலகை கழன்று வந்தது. கவ்விகளுக்குள் கண்ணாடி தாராளமாக ஆடியது. அதைத் தூக்கியபோது பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்து கறுப்புத் துணி முடிச்சு ஒன்று விழுந்தது. மதினி அதைப் பிரித்தாள். கரைந்து பொடிந்த படிகாரமும், நைந்த வரமிளகாயும். கடை வாசலில் கண்ணேறு படாமல் இருக்கக் கட்டித் தொங்கவிடுவோமே, அதே முடிச்சு.

"இத யாரு உள்ள வச்சது?" என்றாள் மதினி.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான்."

கதவைச் சாத்திக்கொண்டு பொருத்திய அன்று வைத்தது. அப்போது முடிச்சு கெட்டியாக இருந்ததால் கண்ணாடியை மேலே தள்ளிக் கவ்விகளோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. மழை ஈரத்தில் படிகாரம் கரையக் கரைய முடிச்சு சுருங்கி, இடைவெளி விழுந்துவிட்டது. உச்சியைப் பார்க்கும்போது கண்ணாடி பலகையோடு கிடக்கும். மலையைப் பார்க்கச் சாய்த்தால் முன்னால் சறுக்கி வந்துவிடும். என் வீட்டுக்காரர் மலையைத்தான் பார்ப்பார். வேறு ஒரு பாவமும் அறியாத மனிதர்.

"யாரு கண்ணுக்குப் பயந்து வச்சீக அண்ணே?" என்று கேட்டேன். கூடச் சேர்ந்து தேய்த்த ஆளைத் தவிர அன்றைக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்தவர் யார் இருந்தார்கள்? சூடம் கொளுத்தியது மாசியில் என்று நினைத்திருந்தேன். கண்ணாடி குழாய்க்குள் போகும்போதே அண்ணன் கொளுத்திவிட்டார்.

முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணன் செருப்புகூடப் போடாமல் தோட்டத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். பந்தலுக்கடியில் கொடி கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் முடிச்சை நீட்டினார்.

"கண்ணாடிக்கு அடியில கெடந்துச்சு மாப்ள. இதுனாலதான் ஆடிருக்கு."

அவர் வாங்கிப் பார்த்தார். "கண்ணேறு முடிச்சு. எனக்கா மச்சான்?"

"ஆமா."

பிறகு, கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் கேட்ட அவருடைய ஆக நீளமான பேச்சு வந்தது.

"நான் கண்ணு வச்சது நெசந்தான். நானும் தேச்ச கண்ணாடியில்ல? ஆச இருக்காதா? பொருத்துறன்னைக்குக் கதவச் சாத்துனீக. வெளிய நின்னேன், மனசு விட்டுப்போச்சு. தொட்டியான்னு கேட்டீக, தொடல. ஆசப்பட்டியான்னு கேட்டிருந்தா, ஆமான்னு சொல்லிருப்பேன். அதுக்குச் சூடமே வேண்டியதில்ல மச்சான்."

காதுகுத்துக்குப் பிள்ளையை யார் மடியில் வைப்பது என்று அண்ணன் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் தானாகவே அண்ணன் வீட்டு மாடிக்குப் போனார். "கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு, சரி பண்ணி வச்சுட்டுப் போறேன்" என்றார். மதினி தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கவில்லை. அண்ணன் கண்ணாடியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். "நீங்களே மாட்டுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவுக்கு வெளியே படியில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேர்த்து ஒழுகுகிறது. உள்ளே ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்திருக்கப் பார்க்கிறார், மதினி கையைப் பிடித்து உட்கார வைக்கிறாள். "எட்டிக்கூடப் பாக்கக் கூடாது" என்று மிரட்டினாள். உள்ளே என் வீட்டுக்காரர் பலகையில் மூன்று கார்க் துண்டுகளை ஒட்டி, கண்ணாடியை அதன் மேல் உட்கார வைத்து, கவ்விகளை இறக்கினார். முதலில் இறுக்கிப் பிடித்ததில், ஜன்னல் வழியாகப் பார்த்தபோது நட்சத்திரம் மூன்று மூலையாகத் தெரிந்தது. மறுபடி தளர்த்தி, கவ்விக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மட்டும் விட்டு, விளிம்பில் கொஞ்சம் கண்ணாடிப் பசை வைத்தார். அவசரப்படாமல் செய்த வேலை. பசை காய்ந்ததா என்று பார்க்க மறுநாளும் வந்தார். முடித்ததும் கதவைத் திறந்து அண்ணனைக் கூப்பிட்டார். குழாயைக் கம்பம்மெட்டு ரோட்டுக்குச் சாய்த்தார்கள். உச்சிக்குத் தூக்கினார்கள். மறுபடி சாய்த்தார்கள். வைத்த நட்சத்திரம் வைத்த இடத்திலேயே நின்றது. அண்ணன் கை பின்பக்கத் திருகாணியைத் தடவிப் பார்க்கப் போனது. பாதி வழியில் அவரே இழுத்துக்கொண்டார்.

அப்போதும் என் வீட்டுக்காரர் மடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனியில் காதுகுத்து நாள் வந்துவிட்டது. தேவாரத்திலிருந்து சண்முகராஜ் அண்ணன் புது வேட்டியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். என் அண்ணன் சீர்த்தட்டோடு வந்து, தட்டை வைத்துவிட்டு ஓரமாக நின்றார். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டு, "மாமன் யாரப்பா?" என்று கேட்டார்.

அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரோடு கூட்டத்துக்கு நடுவில் வந்தார். "பங்காளிக எல்லாரும் கேட்டுக்கங்க. நான் வாங்குன சத்தியத்த விட்டேன். முழு மனசா விட்டேன். தப்பு என்னோடது" என்று சொல்லி, சொம்பை நீட்டினார்.

என் வீட்டுக்காரர், உள்ளங்கையில் இன்னும் தழும்பு மாறாத அந்தக் கையால், சொம்பை வாங்கினார். குடிக்கவில்லை. சொம்புக்குள் உற்றுப் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோய், அண்ணன் பாலை மோந்து பார்ப்பாரே, அதே மாதிரி நிதானமாக இழுத்து மோந்து பார்த்தார்.

"நல்ல தண்ணிதான் மச்சான்" என்று சொல்லி, அண்ணாந்து ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். பந்தலே வெடித்துச் சிரித்தது. சண்முகராஜ் அண்ணன் தானாகவே எழுந்து இடம் விட்டார். வீட்டுக்காரர் மகளைத் தூக்கி என் அண்ணன் மடியில் உட்கார வைத்தார்.

ஊசியைப் பார்த்ததும் தேவயானி வீறிட்டு அழுதாள். அவளுக்கு முன்னாலேயே அண்ணன் அழ ஆரம்பித்திருந்தார்.